அஞ்சல் வழி வந்த ஆசான்

1971ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20ஆம் நாள் பிரிட்டனின் தபால் ஊழியர்கள் ஊதிய உயர்வு கோரி வேலை நிறுத்தத்தில் இறங்கினர். மார்ச் மாதத் தொடக்கம் வரை, ஏறத்தாழ ஏழு வாரங்கள், அந்நாட்டில் கடிதப் போக்குவரத்தே நின்று போயிற்று. வணிகர்கள் தவித்தார்கள், தூர ஊர்களில் பிள்ளைகளை விட்டிருந்த பெற்றோர்கள் தவித்தார்கள். எல்லாரினும் அதிகமாகத் தவித்தது, பிறந்து கண் விழித்த சில நாட்களிலேயே இந்த இடிக்கு ஆளான ஒரு பல்கலைக் கழகம். பிரிட்டனின் திறந்த பல்கலைக் கழகம் தன் முதல் மாணவர்களுக்கு அந்த ஜனவரி மாதத்தில்தான் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ 24,000 பேர் முதலாண்டில் சேர்ந்திருந்தனர். தொழிற்சாலை ஊழியர், பள்ளி ஆசிரியர், எழுத்தர், இல்லத்தரசியர் எனப் பலதரப்பட்ட அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை விட்டுப் பல்லாண்டுகள் ஆனவர்கள்.

இப்பல்கலைக் கழகம் கருவில் இருந்தபோது அதற்கு ‘வானலைப் பல்கலைக் கழகம்’ என்றே பெயர் வழங்கிற்று. வானொலியும் தொலைக்காட்சியுமே இனிப் பேராசிரியர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வேலை நிறுத்த நாட்களில் அவ்விரண்டும் ஓயவில்லை. பி.பி.சி. நிலையம் குறித்த நேரத்தில் பாடங்களை ஒலிபரப்பிக் கொண்டுதான் இருந்தது. ஆயினும் பல்கலைக் கழகம் திணறிற்று. அச்சிட்ட பாடங்களை வேறு வழிகளில் கொண்டு சேர்க்க வேண்டியதாயிற்று. மாணவன் எழுதிய விடை ஆசிரியரைச் சென்றடையவும், ஆசிரியர் திருத்திய தாள் மாணவனிடம் திரும்பி வரவும் வழி இல்லாது போயிற்று. வானலைப் பல்கலைக் கழகம் என்று எல்லாரும் நினைத்திருந்தது, உண்மையில் ஒரு தபால் பல்கலைக் கழகம் என்பது அந்த ஏழு வாரங்களில் வெட்டவெளிச்சமாயிற்று.

வீட்டிலிருந்தபடியே பட்டப் படிப்புப் படிப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே எழுதுகின்றனர். நேற்று வானொலி, பிறகு தொலைக்காட்சி, இன்று கணினியும் கைப்பேசியும். அவற்றுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். முகம் காணாத மாணவனின் விடைத்தாளை இரவு விளக்கொளியில் படித்து, தாளின் ஓரத்தில் நான்கு வரி எழுதி, திருப்பி அனுப்புகிறவர் அவர். ஆங்கிலேயர் அவரை ‘டியூட்டர்’ என்பர். வழிகாட்டி ஆசிரியர் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். அவருடைய வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். அவருக்குச் சிலை ஏதும் வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

1840ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் முழுவதற்கும் ஒரு பென்னி தபால் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கடிதம் என்பது வசதி படைத்தோரின் பொருள். அதே ஆண்டில் ஐசக் பிட்மன் என்பார் தாம் கண்டுபிடித்த சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் சிறு பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவை பிழை திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பாடத்தை அனுப்பியதோடு நில்லாமல், பிழை திருத்தித் திருப்பியதில்தான் பிட்மனின் புதுமை இருந்தது. புத்தகம் விற்பவர் எவரும் முன்னதைச் செய்வார். பின்னதை ஆசிரியர் ஒருவரே செய்ய இயலும்.

ஆனால் சுருக்கெழுத்து வேறு, பட்டப் படிப்பு வேறு. பட்டத்தின் கதவைத் திறந்தது லண்டன் பல்கலைக் கழகம். 1836இல் அரச சாசனம் பெற்ற அது, தொடக்கத்தில் தானாக எதையும் கற்பிக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணி. 1858இல் வந்த புதிய சாசனம், மருத்துவம் நீங்கலான தேர்வுகளை எழுத, குறிப்பிட்ட கல்லூரிகளில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கிற்று. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று இனி எவரும் கேட்க மாட்டார்கள். தேர்வில் தேறினால் பட்டம். 1878இல் பெண்களுக்கும் பட்டம் வழங்க முன்வந்த முதல் பிரிட்டிஷ் பல்கலைக் கழகமும் இதுவே. கடல் கடந்த நாடுகளிலும் இதன் தேர்வுகள் நடந்தன. நம் அண்டை நாடான இலங்கையில் 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக் கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் எழும் வரை, தன் மாணவர்களை லண்டன் பட்டத்துக்கே ஆயத்தம் செய்தது.

இது பெரும் புரட்சி என்பதில் ஐயமில்லை. எனினும் இதில் ஒரு குறை இருந்தது. யாரிடம் படித்தாய் என்று கேட்காத பல்கலைக் கழகம், யாரிடம் படிப்பது என்று மாணவன் கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் கையில் வைத்துக் கொண்டு, எவ்வளவு படித்தால் போதும், எழுதியது சரிதானா என்று அறிய வழியின்றி எத்தனை பேர் தோற்றுப் போனார்களோ! தேர்வு மண்டபத்தின் வாயிலைத் திறந்து விட்டார்கள். அந்த வாயில் வரை வந்து சேரும் பாதையைப் போடவில்லை.

அந்தப் பாதையைப் போட வணிகர்கள் முன்வந்தார்கள். 1887இல் வில்லியம் பிரிக்ஸ் என்பவர் தொடங்கிய ‘யூனிவர்சிட்டி கரஸ்பாண்டன்ஸ் காலேஜ்’ அவற்றுள் புகழ் பெற்றது. கேம்பிரிட்ஜை இருப்பிடமாகக் கொண்ட அந்நிறுவனம், லண்டன் தேர்வுகளுக்கு அஞ்சல் வழியே ஆயத்தம் செய்தது. நன்மதிப்புடன் தேறிய இளைஞர்களை அது ஆசிரியர்களாக அமர்த்திற்று. பின்னாளில் உலகப் புகழ் எய்திய நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் அவர்களுள் ஒருவர். 1890இல் லண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற அவர், பிரிக்ஸிடம் உயிரியல் ஆசிரியராகச் சேர்ந்து விடைத்தாள்களைத் திருத்தியும், லண்டனில் செய்முறை வகுப்பு நடத்தியும் வாழ்ந்தார். அவர் அச்சேற்றிய முதல் நூல்களுள் ஒன்று, அம்மாணவர்களுக்கென எழுதப்பட்டு 1893இல் வெளிவந்த உயிரியல் பாட நூல். அதே ஆண்டு நுரையீரலில் இரத்தம் கசிந்து அவர் படுக்கையில் விழவே, ஆசிரியப் பணி போய் எழுத்துப் பணி வந்தது. 1934இல் வெளியிட்ட தன் வரலாற்றில் பிரிக்ஸின் முறைகளைச் சற்றே கேலியோடு அவர் நினைவு கூர்ந்திருக்கிறார். தேர்வில் தேற வைப்பதே அங்கே குறி. ஆனாலும் தூரத்து மாணவனின் எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஒருவர் அங்கே இருந்தார். அந்த அளவில், சாசனம் பெற்ற பல்கலைக் கழகம் செய்யாததை ஒரு வணிகர் செய்தார்.

இக்காலத்திலேயே அட்லாண்டிக்கின் மறு கரையில், பணமும் பட்டமும் கருதாமல் வேறொரு முயற்சி நடந்து கொண்டிருந்தது. நம் குடும்பத்துப் பெண்கள் அறிந்து கொள்ள வேண்டிய வரலாறு அது என்பதால் சற்று விரித்துரைக்கிறேன்.

பாஸ்டன் நகரத்து ஆனா டிக்னர், ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டிக்னரின் மகள். தந்தையின் பெரிய நூலகத்துக்கு நடுவே வளர்ந்தவர். உயர் கல்வி வாயில்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலம். திருமணம் ஆனவளோ ஆகாதவளோ, வீட்டை விட்டு வெளியேறிப் படிக்க இயலாத பெண்கள் அமெரிக்க நாடெங்கும் இருந்தனர். 1873இல் ஆனா ஒரு சங்கம் அமைத்தார். வீட்டிலிருந்தே கற்பதை ஊக்குவிக்கும் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள். வரலாறு, இலக்கியம், கலை, அறிவியல், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவை பாடங்கள். சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பெண் ஆசிரியர் குறிக்கப்படுவார். ஊதியம் பெறாத தொண்டர்கள் அந்த ஆசிரியைகள். மாதம் ஒரு முறையேனும் இருவருக்குமிடையே கடிதம் நடக்க வேண்டும். மாணவி படித்ததைத் தன் சொற்களில் எழுதுவாள். ஆசிரியை அதற்குத் தம் கைப்பட விரிவாகப் பதில் எழுதுவார். புத்தகம் கிடைக்காத ஊர்களுக்குச் சங்கத்தின் நூலகமே அஞ்சலில் புத்தகம் இரவல் அனுப்பிற்று. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக் கூடத்தில் படித்த முதற் பெண்மணியான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அறிவியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார்.

24 ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட பெண்கள் இச்சங்கத்தின் வாயிலாகப் படித்தனர். அது பட்டம் தரவில்லை. தேர்வுப் பட்டியல் வெளியிடவில்லை. பண்ணை வீடுகளிலும், பல மைல் தூரம் வேறு வீடே இல்லாத குடியிருப்புகளிலும் இருந்த பெண்களுக்கு, தன் எழுத்தை ஒருத்தி பொருட்படுத்திப் படிக்கிறாள் என்ற உணர்வையே அது தந்தது. பாடத்தைப் பற்றித் தொடங்கிய கடிதங்கள் பல, குடும்பத்து இன்ப துன்பங்களைப் பகிரும் நட்பாக வளர்ந்தன. 1896இல் ஆனா டிக்னர் மறைந்தார். மறு ஆண்டே சங்கம் கலைக்கப்பட்டது. ஒருவருடைய மன உறுதியைத் தூணாகக் கொண்ட நிறுவனங்களுக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்ந்தது என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கடிதத்தால் கற்பது மேலை நாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோருக்காக ஒரு வார்த்தை. ஹதீஸ் கலை வல்லார், ஓர் அறிவிப்பை ஆசிரியரிடமிருந்து மாணவர் பெறும் வழிகளை எட்டாக வகுத்திருந்தனர். 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் தம் நூலில் அவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்கிறார். ஆசிரியர் வாயிலாகக் கேட்பது அவற்றுள் தலையாயது. ஆசிரியர் எழுதியனுப்ப மாணவர் பெறுவதும் அவ்வெட்டுள் ஒன்று. அதற்கு ‘முகாதபா’ என்று பெயர். கடைசியில் நிற்பது ‘விஜாதா’. ஒருவருடைய கையெழுத்துச் சுவடி யாருடைய தொடர்புமின்றித் தற்செயலாகக் கைக்குக் கிடைத்து, அதைப் படித்து அறிவது அது. நூல் ஒன்றேயாயினும், ஆசிரியர் எழுதி அனுப்பியதற்கும் தானே கண்டெடுத்ததற்கும் உள்ள தொலைவை அப்பெரியோர்கள் உணர்ந்திருந்தார்கள். லண்டன் பல்கலைக் கழகம் 1858இல் தன் மாணவர்களுக்கு விட்டுவைத்தது, ஏறக்குறைய இந்தக் கடைசி வழியைத்தான்.

இனித் திறந்த பல்கலைக் கழகத்துக்கு மீள்வோம். தொலைவிலிருந்து பட்டம் பெறப் பல்கலைக் கழகம் ஒன்று வேண்டும் என்று சமூகவியலறிஞர் மைக்கேல் யங் 1962இலேயே எழுதினார். மறு ஆண்டில் பிரையன் ஜாக்சனுடன் சேர்ந்து கேம்பிரிட்ஜில் அவர் தொடங்கிய ‘நேஷனல் எக்ஸ்டென்ஷன் காலேஜ்’, பிரிக்ஸின் பழைய நிறுவனத்தையே தன்னுள் ஏற்றுக் கொண்டது என்பது வரலாற்றின் ஒரு சுவையான முடிச்சு. 1963 செப்டம்பரில் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் கிளாஸ்கோ நகரில் ‘வானலைப் பல்கலைக் கழக’த் திட்டத்தை அறிவித்தார். அவர் பிரதமரானதும் அப்பொறுப்பு ஜென்னி லீ அம்மையாரிடம் வந்தது. ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் அவர். ஏழைகளுக்கென மலிவான, இரண்டாந்தரமான ஏதோ ஒன்று எனக்கு வேண்டாம். மற்றப் பல்கலைக் கழகங்களுக்கு இணையான பட்டமே வேண்டும் என்பதில் அவர் அசையாது நின்றார். எதிர்ப்போ கடுமையாக இருந்தது. பழைமைக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான அயன் மக்லியாட் இதை வெறும் அபத்தம் என்று தள்ளினார். 1969 ஏப்ரலில் சாசனம் கிடைத்தது. ஜூலை 23ஆம் நாள், மனிதன் சந்திரனில் கால் வைத்த மூன்றாம் நாள், வேந்தர் கிரௌதர் பிரபு தொடக்க உரையாற்றினார். மறு ஆண்டு ஆட்சி மாறிற்று; கல்வி அமைச்சராக வந்த மார்கரெட் தாட்சர் இதை மூடிவிடுவார் என்று அஞ்சியவர்கள் பலர். அவர் மூடவில்லை. செலவு குறைவு என்பது அவருக்குப் பிடித்திருந்தது என்பர்.

துணைவேந்தர் வால்டர் பெர்ரியும் அவர் துணைவர்களும் செய்த முடிவுகளுள் என் கருத்தில் தலையாயது தொலைக்காட்சியைப் பற்றியது அன்று. நாட்டை 13 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அலுவலகம் வைத்து, நூற்றுக் கணக்கான ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் அமைத்து, ஆயிரக் கணக்கில் பகுதி நேர ஆசிரியர்களை நியமித்ததே அது. ராபர்ட் பீவர்ஸ் என்பார் இப்பணியை நெறிப்படுத்தினார். பிற பல்கலைக் கழகங்களிலும் கல்லூரிகளிலும் பகலில் வேலை பார்த்தவர்களே இந்த ஆசிரியர்களுள் பெரும்பாலோர்.

அவர்கள் பணி நடந்த விதத்தை விவரமாகச் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். மாணவன் பாடத்தின் ஒரு பகுதியைப் படித்து முடித்ததும், குறித்த நாளுக்குள் ஒரு கட்டுரை எழுதித் தன் ஆசிரியரின் வீட்டு முகவரிக்கே அனுப்புவான். ஆசிரியர் தாளின் ஓரங்களில் குறிப்பெழுதுவார். அதோடு, பல படிகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. ‘பிடி 3’ என்பது அதன் பெயர். மதிப்பெண்ணுக்கான காரணத்தையும், அடுத்த கட்டுரையில் கவனிக்க வேண்டியவற்றையும் அதில் எழுத வேண்டும். தாள் நேரே மாணவனிடம் போகாது. மில்டன் கீன்ஸ் நகரின் வால்டன் ஹாலில் உள்ள தலைமையகத்துக்குப் போய், மதிப்பெண் பதிவாகி, பின்னரே மாணவனை அடையும். போகிற வழியில் சில தாள்கள் தனியே எடுக்கப்படும். வட்டாரத்தில் உள்ள முழு நேர ஆசிரியர் அவற்றைப் பார்வையிடுவார். மாணவனை மதிப்பிட அன்று, திருத்திய ஆசிரியரை மதிப்பிட. மதிப்பெண் நியாயமா என்று மட்டும் பாரார். எழுதிய குறிப்பால் மாணவன் ஏதேனும் கற்றுக் கொள்வானா என்றும் பார்ப்பார். ‘நன்று’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் தப்ப முடியாது. ஏன் நன்று?

கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்கு இணை, நான் அறிந்தவரை, அதற்கு முந்திய பல்கலைக் கழகங்களில் இல்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆசிரியரும் மாணவரும் அறைக்குள் தனித்திருந்து பேசும் பழைய முறை உண்டு. அந்த அறைக்குள் ஆசிரியர் என்ன சொன்னார் என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கோ ஆசிரியரின் சொல் எழுத்தாக நின்றது, நின்றதால் சோதிக்கப்பட்டது.

தொடக்கத்தில் பாடம் சொல்பவர் ஒருவர், மாணவனின் பொதுத் தொல்லைகளைக் கேட்டு ஆலோசனை சொல்பவர் வேறொருவர் என்று பிரித்திருந்தனர். பட்டறிவு வேறு பாடம் புகட்டிற்று. கட்டுரை வரவில்லையென்றால், பாடம் புரியவில்லையா, குழந்தைக்குக் காய்ச்சலா, இரவு வேலைக்கு மாற்றி விட்டார்களா என்று யாருக்குத் தெரியும்? வேலை மாற்றமும் பாடத் தடுமாற்றமும் ஒரே மனிதனிடம் பின்னிக் கிடப்பவை அல்லவா? எனவே 1976 முதல் முதலாண்டுப் பாடங்களில் இரு பணிகளையும் ஒருவரிடமே ஒப்படைத்தனர். முதலாண்டு முடிந்து மாணவன் வேறு பாடங்களுக்குப் போன பின்னும், பட்டம் பெறும் வரை அவரே அவனுக்கு ஆலோசகராகத் தொடர்ந்தார். 1973இல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையில் நடந்த முதல் பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து வந்தவர்களுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருந்தது.

அதே 1973இல் நார்வே நாட்டில் டோர்ஸ்டைன் ரெக்கெடால் என்ற ஆய்வாளர் எளிய சோதனை ஒன்றின் முடிவை வெளியிட்டார். அஞ்சல் வழி மாணவர் சிலருக்குத் திருத்திய தாளை வழக்கம் போலத் தாமதித்தும், சிலருக்கு விரைந்தும் திருப்பியனுப்பிப் பார்த்தார். பாடமும் வினாவும் இரு சாராருக்கும் ஒன்றே. விரைந்து பதில் பெற்றவர்களுள் படிப்பை முடித்தவர்கள் கணிசமாக மிகுந்திருந்தனர். சில நாள் வேறுபாடுதான். அந்தச் சில நாட்களில் ஒருவன் தொடர்வதும் கைவிடுவதும் முடிவாகி விடுகிறது. சுவீடன் நாட்டறிஞர் போர்யே ஹோம்பெர்க், தொலைவுக் கல்வி என்பது வழிகாட்டுதலோடு கூடிய ஓர் உரையாடல் என்ற கொள்கையைப் பல்லாண்டுக் காலம் வலியுறுத்தி வந்தார். உரையாடலில் ஒரு பக்கம் மௌனமாகிவிட்டால் மறுபக்கம் எத்தனை நாள்தான் பேசிக் கொண்டிருக்கும்?

1980இல் மேடையேறி 1983இல் திரைப்படமாகவும் வந்த வில்லி ரஸ்ஸலின் ‘எஜுகேட்டிங் ரீட்டா’ என்ற நாடகத்தில், முடி திருத்தும் நிலையத்துப் பெண்ணொருத்தி திறந்த பல்கலைக் கழக மாணவியாகித் தன் ஆசிரியரின் அறைக்கு வாரந்தோறும் வந்து பாடம் கேட்கிறாள். அக்கல்வி முறையை உலகறியச் செய்த படைப்பு அது. ஆனால் அவ்வளவு நேரம் தனியாக அமர்ந்து பேசும் பேறு உண்மை மாணவர்களுக்கு ஏது? அவர்களுக்கு வாய்த்தது மாதம் ஓரிரு மாலை வகுப்பும், தாளின் ஓரத்துக் குறிப்பும், அவசரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பும்தான்.

ஆசிரியரின் பதில் மாணவனை அடைவதே அரிதான இடம் ஒன்று இருந்தது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகம் 1946 முதல் அஞ்சல் வழிக் கல்வி நடத்தி வந்தது. ராபன் தீவுச் சிறையில் அடைபட்டிருந்த விடுதலைப் போராளிகள் பலர் அதன் மாணவர்கள். அவர்களுள் ஒருவர் அஹ்மத் கத்ராடா. குஜராத்திலிருந்து சென்று குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். 1964இல் ரிவோனியா வழக்கில் நெல்சன் மண்டேலாவுடன் ஆயுள் தண்டனை பெற்றவர். 1989 அக்டோபரில் விடுதலையானவர். சிறையிலிருந்தவாறே நான்கு பட்டங்கள் பெற்றார் அவர். வரலாறும் நூலகவியலும் அவர் படித்த பாடங்களுள் அடங்கும்.

சிறையில் படிப்பு என்பது உரிமை அன்று, சலுகை. எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம். மண்டேலா மறைவாக எழுதி வந்த தன் வரலாற்றின் கையெழுத்துப் படிகள் 1977இல் சிறையதிகாரிகளிடம் சிக்கியபோது, அவருக்கும் கத்ராடாவுக்கும் வால்டர் சிசுலுவுக்கும் படிக்கும் அனுமதி நான்காண்டுகள் நிறுத்தப்பட்டது. (மண்டேலா தம் சட்டப் பட்டத்தை அதே பல்கலைக் கழகத்தின் வழியாக 1989இல்தான் நிறைவு செய்தார்.) இத்தகைய நிலையில் கைதிகள் என்ன செய்தார்கள்? ஒருவருக்கொருவர் ஆசிரியரானார்கள். சுண்ணாம்புக் கல் வெட்டும் குழியில் வேலை நடக்கையிலேயே படித்தவர் படியாதவருக்குப் பாடம் சொன்னார். அந்தத் தீவுக்கே ‘பல்கலைக் கழகம்’ என்று அவர்கள் பெயரிட்டனர். தபாலில் வர வேண்டிய ஆசிரியரைத் தடுத்தபோது, பக்கத்தில் நின்றவரையே ஆசிரியராக்கிக் கொண்டார்கள்.

நம் துணைக்கண்டத்தின் கதை 1962இல் தொடங்குகிறது. அறிவியலறிஞர் டி.எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி டில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியபோது முதலாண்டில் சேர்ந்தவர் 1,112 பேர். விடைத்தாள் எழுதியனுப்புவதும், விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புகளும் அத்திட்டத்தில் இருந்தன. தமிழகத்தில் 1971இல் மதுரைப் பல்கலைக் கழகமும், 1979இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகமும், 1981இல் சென்னைப் பல்கலைக் கழகமும் இத்துறையில் இறங்கின. அண்டை நாடுகளில், 1974இல் பாகிஸ்தான் தன் திறந்த பல்கலைக் கழகத்தை நிறுவி 1977இல் அதற்கு அல்லாமா இக்பாலின் பெயரைச் சூட்டிற்று. 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக் கழகம் எழுந்தது. இந்தியாவில் 1982இல் ஆந்திரப் பிரதேசத் திறந்த பல்கலைக் கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக் கழகமும் தோன்றின. இவ்விரண்டுக்கும் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. தேசியப் பல்கலைக் கழகம் படிப்பு மையங்களையும் ஆலோசக ஆசிரியர்களையும் அமைத்து, வீட்டில் எழுதும் கட்டுரைகளுக்கு இறுதி மதிப்பெண்ணில் ஒரு பங்கும் ஒதுக்கிற்று. ஏட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. ஒரு தாளைக் கையில் எடுத்த ஆசிரியர் அதன் ஓரத்தில் எத்தனை வரி எழுதுகிறார் என்பதைத்தான் எந்த ஏடும் சொல்வதில்லை.

தாயகத்திலும் அந்த ஏற்பாடு கட்டுக் குலையாமல் இல்லை. மாணவனைப் பட்டம் வரை தொடர்ந்த ஆலோசக ஆசிரியர் முறை 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. 2015 நவம்பரில், இங்கிலாந்தில் இருந்த வட்டார மையங்களுள் ஏழினை மூடப் பிரிட்டனின் திறந்த பல்கலைக் கழகம் முடிவு செய்தது. ஆசிரியர்களும் ஊழியர்களும் எதிர்த்துப் போராடியும் பயனில்லை. கட்டுரைகள் கணினி வழியே போய் வரலாயின. 2012ஐ ஒட்டி அமெரிக்காவில் எழுந்த இணையவழிப் பெருவகுப்புகளில் இலட்சக் கணக்கானோர் இலவசமாகச் சேர்ந்தனர். உலகின் சிறந்த பேராசிரியர்களின் உரைகள் அங்கே உண்டு. இல்லாதது, நாம் எழுதியதைப் படிக்கும் ஒருவர். சேர்ந்தவர்களுள் முடித்தவர் மிகச் சிலரே. 1858இன் லண்டன் மாணவன் மீண்டும் பிறந்து வந்தது போலிருந்தது.

எனக்கு இவ்வரலாற்றில் நாட்டம் வந்ததற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு. என் பெரியம்மாவின் மகள், எங்களுக்கெல்லாம் மூத்த ராத்தா, பள்ளிப் படிப்போடு வீட்டில் நிறுத்தப்பட்டவர். திருமணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின், மச்சானின் சம்மதத்தோடு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. சைக்ளோஸ்டைல் எடுத்த பாடங்கள் பழுப்பு உறையில் வரும். பிள்ளைகள் உறங்கிய பின் அடுக்களையில் உட்கார்ந்து படிப்பார். முஹம்மது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியது பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். பாட நூல் அதைப் பித்தனின் செயல் என்றது. ராத்தாவுக்கு அது ஒப்பவில்லை. தெற்கே பரந்துவிட்ட அரசை டில்லியிலிருந்து கட்டி ஆள்வது எப்படி, நடுவில் ஓர் இடம் தேடியது அவ்வளவு பெரிய பிழையா என்று வாதாடி, பதினொரு பக்கம் எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். நான் அப்போது கல்லூரி மாணவன். எங்கள் வகுப்பில் அப்படி எழுதியவர் எவருமில்லை.

நான்கு மாதம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் 9 என்ற எண். அதன் கீழே ‘பார்வையிடப்பட்டது’ என்ற ரப்பர் முத்திரை. பதினொரு பக்கங்களிலும் வேறு ஒரு புள்ளி இல்லை. இருபதுக்கா ஐம்பதுக்கா அந்த ஒன்பது என்பதுகூடப் போடப்படவில்லை. ராத்தா அடுத்த கட்டுரையைப் பாட நூலில் உள்ளபடியே எழுதி அனுப்பினார். அதற்கடுத்ததை அனுப்பவில்லை. இரண்டாமாண்டுக் கட்டணம் கட்டவில்லை.

சென்ற பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பேச்சு வாக்கில் இதைக் கேட்டேன். பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து காட்டினார். ஓரங்கள் பழுத்திருந்தன. “இத்தனை வருஷமாகவா வைத்திருக்கிறீர்கள் ராத்தா?” என்றேன்.

“நான் எழுதினது சரியா தப்பா என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே, தம்பி” என்றார்.